இவ்வளவு பேருக்குள் இத்தனை பட்டியலா?

2023 செப்டெம்பரில் நான் கேட்ட ஒரு கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. நோர்வேயின் வடக்கே கௌடொகெய்னோ என்ற ஊரில், முதியோர் இல்லம் ஒன்றின் கோப்பி அறையில் வைத்துக் கேட்டேன். ஆறு வாரத்துக்குத் தற்காலிகத் தாதியாகப் போயிருந்தேன். உள்ளூராட்சித் தேர்தலுக்கு இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. மேசையில் வெவ்வேறு வேட்பாளர் பட்டியல்களின் துண்டுப் பிரசுரங்கள் கிடந்தன. நான் நல்ல எண்ணத்தோடுதான் கேட்டேன்: “நீங்களே இவ்வளவு குறைவான ஆட்கள். அதற்குள் ஏன் இத்தனை பட்டியல்?”

யாரும் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு அன்றோடு மறந்திருப்பேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். எத்தனையோ பேர் வந்து கேட்டுப் பழசாகிப்போன கேள்விக்குச் சிரிக்கும் சிரிப்பு அது.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தமிழில் எழுதும்போது இது இடறிக்கொண்டே இருக்கும். அந்த ஊரில் பெரும்பாலானோர் நோர்வேயின் வடக்கில் வாழும் பழங்குடி மக்கள். அவர்களின் பெயர் சாமி. “அம்மா, நான் சாமி ஆக்களின்ர ஊருக்கு வேலைக்குப் போறன்” என்று சொன்னபோது அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். முப்பது வருடத்துக்கு மேலாக அவர் இந்தப் பகிடியை விடுகிறார். நாங்கள் நோர்வேயில் முதலில் இருந்ததே அந்த ஊர் இருக்கும் ஃபின்மார்க் மாகாணத்தில்தான். ஃபின்மார்க்கின் கடலோர ஊர் ஒன்றில் அப்பா மீன் தொழிற்சாலையில் நின்றார். 1987-இல் அவர் வந்தார், 1990-இல் நானும் அம்மாவும். அந்தக் கரையில் ஊருக்கு ஊர் தமிழர் இருந்த காலம் அது. கொட் மீனின் முள் எடுத்துத் துண்டு போடும் வரிசையில் பாதிப் பேர் யாழ்ப்பாணத்தவர்கள். பிறகு மீன் வேலை குறைய, பிள்ளைகளின் படிப்பு, கோயில், சொந்தக்காரர் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லி, தொண்ணூறுகளின் கடைசியில் பெரும்பாலானோர் ஒஸ்லோவுக்கு இறங்கிவிட்டோம். அந்த ஊர்களின் மக்கள்தொகைக் கோடு அப்போது விழுந்ததில் எங்கள் குடும்பத்துக்கும் மூன்று பேரளவு பங்கு உண்டு.

யாரும் இல்லாத இடம்

அல்தா என்ற நகரத்திலிருந்து கௌடொகெய்னோவுக்குத் தெற்கே 130 கிலோமீட்டர் அளவில் பேருந்துப் பயணம். பிர்ச் மரங்கள் குட்டையாகிக்கொண்டே போய், பிறகு மேட்டுநிலம், சதுப்பு, ஏரி, மறுபடியும் மேட்டுநிலம். நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டு அம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன்: “ஒருத்தரும் இல்லாத இடம்.”

கணக்கும் அப்படித்தான் சொல்லும். பரப்பளவில் நோர்வேயின் மிகப் பெரிய கொம்யூன், அதாவது உள்ளூராட்சிப் பிரிவு, அது, 9,707 சதுர கிலோமீட்டர். இலங்கையின் வடமாகாணம் முழுவதும் சேர்ந்தாலே 8,884தான். வடமாகாணத்தில் 2012 குடிசன மதிப்பீட்டின்படி 10 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். கௌடொகெய்னோவில் ஏறத்தாழ 2,900 பேர். ஆளுக்கு மூன்று சதுர கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. யாழ்ப்பாணத்தில் வேலிக்கதியால் ஒரு முழம் தள்ளி நட்டதற்காக வழக்காடின பரம்பரை நான். இந்தக் கணக்கு எனக்கு ஒரு பகிடி போலத்தான் இருந்தது.

ஆனால் அந்த 2,900-ஐ எப்போது எண்ணுவது? நான் போய் இறங்கியது ஓகஸ்டில். ஊரின் கணிசமான குடும்பங்கள் அங்கே இல்லை. துருவமான் வளர்ப்பவர்கள் வசந்தத்தில் மந்தையோடு கடலோரத்துக்கும் தீவுகளுக்கும் போய்விடுவார்கள். அங்கே புல்லும் காற்றும் இருக்கும், கொசு குறைவு. இலையுதிர்காலத்தில் உள்நாட்டுக்குத் திரும்புவார்கள். குளிர்காலத்தில் உள்நாட்டுப் பனி காய்ந்த மாவு மாதிரி கிடக்கும், மான் காலால் கிளறிக் கீழே இருக்கும் லைக்கனை எடுக்கும். கடலோரத்தில் மழை பெய்து உறைந்தால் அது நடக்காது. ஆகவே கொம்யூனின் பதிவேட்டில் ஓர் ஊர், வருடத்தில் வாழ்வது இரண்டு ஊர். நான் வெறும் நிலம் என்று பார்த்தது, மான்கள் திரும்பி வருவதற்காகத் தின்னாமல் விடப்பட்டிருந்த மேய்ச்சல். இதை எனக்குச் சொன்ன பெண்ணிடம் “உங்கள் குடும்பத்துக்கு எத்தனை மான்?” என்று கேட்டு இன்னொரு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டேன். அது வங்கிக் கணக்கில் எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று கேட்பதற்குச் சமம்.

யாரை எண்ணுவது என்பதும் இலேசான விஷயமில்லை. ஊரில் பத்தில் ஒன்பது பேர் சாமி என்று சொல்வார்கள், அது ஒரு மதிப்பீடுதான். நோர்வேயின் மக்கள்தொகைப் பதிவேட்டில் இனம் என்று ஒரு கட்டமே இல்லை. இருப்பது சாமி நாடாளுமன்றத்தின் வாக்காளர் பட்டியல். தன்னைச் சாமி என்று கருதுபவர், தன் வீட்டிலோ பெற்றோர், அவர்களின் பெற்றோர், பூட்டன் பூட்டி வீட்டிலோ சாமி மொழி பேசப்பட்டிருந்தால், தானாக விரும்பிப் பதிந்துகொள்ளலாம். பதியாமலும் இருக்கலாம். பிறக்கும்போதே படிவத்தில் ‘இலங்கைத் தமிழர்’ என்று எழுதப்பட்டு, பிறகு வாழ்நாள் முழுக்க அந்தக் கட்டத்தைச் சுமந்து திரிந்த எங்களுக்கு இது விசித்திரமாக இருந்தது. ஆனால் எண்ணப்படுவதற்குப் பயந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள் என்பதையும் மறக்கக்கூடாது. 1902-இல் வந்த நிலவிற்பனைச் சட்டத்தின் விதிகளில், ஃபின்மார்க்கில் அரசிடம் நிலம் வாங்குபவர் நோர்வேஜிய மொழி பேச, வாசிக்க, எழுதத் தெரிந்தவராக இருக்கவேண்டும் என்று இருந்தது. அந்தச் சட்டம் 1965 வரை கிடந்தது. பள்ளிக்கூடங்களில் சாமி மொழியை ஒடுக்கிய கதையை நான் இங்கே விரிக்கவில்லை. என் நோயாளிகள் அந்த விடுதிப் பள்ளிகளில் படித்தவர்கள்.

அவர்களில் ஒரு பாட்டிக்கு மறதிநோய். வாழ்நாளில் பாதி நோர்வேஜிய மொழியில் கதைத்தவர், இப்போது அது முழுதாகக் கழன்று விழுந்துவிட்டது. காலையில் நான் முகம் துடைக்கப் போனால் நீளமாக ஏதோ சொல்வார், கடைசியில் கேள்வி போல நிறுத்துவார், என் பதிலுக்குக் காத்திருப்பார். எனக்கு ஒன்றும் விளங்காது. சாமி மொழிப் பிரதேசம் என்று சட்டம் வகுத்த கொம்யூன்களில், நோயாளிக்குத் தன் மொழியிலேயே சேவை கேட்க உரிமை உண்டு. அந்த உரிமையை அந்த ஆறு வாரமும் மீறிக்கொண்டிருந்தவள் நான்தான்.

கோப்பி அறை

கோப்பி அறையில் எப்போதும் ஆறு ஏழு பேர். நான் உள்ளே வருமுன் கதவுக்கு வெளியே சாமி மொழி கேட்கும். நான் உட்கார்ந்ததும் ஆறு பேரும் நொஸ்க்குக்கு, அதாவது நோர்வேஜிய மொழிக்கு, மாறிவிடுவார்கள். மரியாதைக்காகச் செய்வது. ஒரு வாரம் எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகுதான் உறைத்தது, ஓர் ஆள் வந்து உட்கார்ந்தால் போதும், ஆறு பேர் மொழி மாறவேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் என் மகனின் நண்பன் வந்தால் அம்மா கூடத் தன் உடைந்த நொஸ்க்குக்கு மாறுவார். ஒஸ்லோவில் அது எங்கள் தலைவிதி என்று விட்டுவிடலாம். இங்கே பத்தில் ஒன்பது பேர் அவர்கள். “மாறவேண்டாம், நான் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறேன்” என்று சொன்னேன். அன்று மாறவில்லை. அடுத்த நாள் பழையபடி.

தேர்தல் கதை வந்தபோது மட்டும் என்னை மறந்துவிட்டார்கள். சூடு ஏறியது. எனக்குப் பக்கத்தில் இருந்த அக்கா (அவரை அக்கா என்று நான் மனதுக்குள்தான் கூப்பிட்டேன், நொஸ்க்கில் எல்லாருக்கும் ‘நீ’தான்) இடையிடையே மொழிபெயர்த்தார். ஊரில் நாடளாவிய கட்சிகள் உண்டு. ஆனால் பேச்சில் அடிபட்டவை இரண்டு உள்ளூர்ப் பட்டியல்கள். ஒன்று யொஹ்திசாப்மெலஷ் என்னும், மந்தையோடு இடம்பெயரும் குடும்பங்களுடையது. மற்றது தாலொன் என்னும், நிலையாகக் குடியிருப்பவர்களுடையது. இரண்டு பேரும் சாமிகள், ஒரே மொழி, ஒரே தேவாலயம். ஒரே வீட்டுக்குள்ளேயே இரண்டும் இருக்கும்.

அன்றைய சண்டை நாலு சக்கர மோட்டார்வண்டிகளைப் பற்றியது. கோடையில் மேட்டுநிலத்தில் எங்கெங்கே வண்டி ஓடலாம் என்று அனுமதிப்பதில் கொம்யூனுக்குப் பங்கு உண்டு. ஒருத்தி சொன்னாள், முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஏரிக்கும் முக்குப்பழச் சதுப்புக்கும் என் அப்பா நடந்து போகமுடியாது, பாதை திறக்கவேண்டும், அந்தப் பழமும் மீனும் எங்கள் வாழ்க்கையும்தான். (முக்குப்பழம் என்பது நான் வைத்த பெயர். நொஸ்க்கில் ‘முல்தெ’. செம்மஞ்சள் நிறம், ஒரு கிலோவின் விலையைக் கேட்டால் நீங்களும் முக்குவீர்கள்.) எதிரே இருந்தவள் சொன்னாள், நீங்கள் போடும் ஒவ்வொரு பாதையும் என் அண்ணனின் மேய்ச்சலை வெட்டுகிறது, வண்டிச் சத்தத்துக்கு மான் கலைந்தால் திரும்பச் சேர்க்க மூன்று நாள். இரண்டு பேருக்கும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

என் மனதில் வேறொரு படம் இருந்தது. இந்த ஊரைப் பற்றி நான் படித்தவை எல்லாம் ஒரே குரலில் இருந்தன. 1852-இல் வியாபாரியையும் அரச அதிகாரியையும் கொன்ற எழுச்சி. அதற்காக 1854-இல் தலைவெட்டப்பட்ட அஸ்லாக் ஹெத்தா, மொன்ஸ் சொம்பி. அவர்களின் மண்டையோடுகள் ஆராய்ச்சிக்கென்று தலைநகரத்துக்குப் போய், 1997-இல்தான் திரும்பிவந்து புதைக்கப்பட்டன. அப்புறம் அல்தா ஆற்றில் மின்சாரத்துக்காகக் கட்டிய அணை. முதல் திட்டத்தின்படி இந்தக் கொம்யூனிலுள்ள மாசெ என்ற கிராமம் நீருக்குள் போகவேண்டியது. கிராமம் தப்பியது, அணை தப்பவில்லை. அணையை எதிர்த்து 1979-இல் நாடாளுமன்றத்துக்கு முன்னால் உண்ணாவிரதம், 1981 ஜனவரியில் சங்கிலியால் தங்களைப் பிணைத்துக்கொண்டவர்களை அகற்ற 600 பொலிசார். ஈழத்தமிழர் யாராவது இதைப் படித்துவிட்டுச் சும்மா இருப்பார்களா? நான் ஒரு போராடும் இனத்தைப் பார்க்கப் போனேன். அவர்கள் வண்டிப் பாதைக்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஏமாற்றம்.

அக்கா கோப்பியைக் கீழே வைத்தார். “நாங்கள் குறைவு என்று உனக்கு யார் சொன்னது? இந்த மேசையைச் சுற்றி எண்ணிப்பார். நீதான் குறைவு.” எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். சிரிப்பு அடங்கியதும் அவர் சாதாரணமாகக் கேட்டார்: “ஒஸ்லோவில் எத்தனை கட்சி? அவர்களிடம் போய் இதைக் கேட்டாயா?”

கேட்டதில்லை. யாரும் கேட்பதில்லை. ஒஸ்லோ மாநகரசபையில் வீதிக் கட்டணத்துக்காக அடிபடும்போது அதற்குப் பெயர் அரசியல். சின்ன இனம் ஒன்று மேய்ச்சலுக்காக அடிபட்டால் உடனே, ஐயோ, ஒற்றுமை இல்லை. இதே வார்த்தையை எங்கள் கலியாண வீடுகளில், செத்த வீடுகளில், வானொலி நேயர் நிகழ்ச்சிகளில் எத்தனை ஆயிரம் தரம் கேட்டிருப்பேன். “தமிழனுக்கு ஒற்றுமை இல்லை.” வெளியாட்கள் சொன்னதைவிட நாங்களே எங்களுக்குச் சொன்னது கூட. ஒற்றுமையின் பெயரால் ‘ஏகப் பிரதிநிதிகள்’ என்ற சொல்லோடு வளர்ந்த தலைமுறை நான். மாற்றுக் கருத்து வைத்திருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்து பழகியவர்கள். அந்தப் பழக்கத்தை அப்படியே பெட்டியில் மடித்து வைத்து, 69-ஆவது அகலாங்கு வரை கொண்டுபோய், கேளாமலே அவர்கள் மேசையில் வைத்திருக்கிறேன்.

கூட்டத்திலிருந்து எழும்பவேண்டியவர்கள்

அந்த நாளுக்குப் பிறகு நான் வேறு விதமாகக் கேட்கத் தொடங்கினேன். கொம்யூன் மன்றத்தில் 19 பேர். ஒரு இருக்கைக்கு நூறு வாக்குகூடத் தேவைப்படாது, ஒரு பெரிய குடும்பம் போதும். அதுவே சிக்கல். நோர்வேச் சட்டப்படி, நெருங்கிய உறவினரைத் தொடும் விஷயம் வந்தால் உறுப்பினர் எழும்பி விலகவேண்டும். இந்த ஊரில் யார் யாருக்கு உறவில்லை? நொஸ்க்கில் ‘தன்தெ’, ‘ஒன்கெல்’ என்ற இரண்டு சொல்லோடு விஷயம் முடிந்துவிடும். சாமி மொழியில் அப்படி இல்லை. அம்மாவின் அக்கா கொஅஸ்கி, அம்மாவின் தங்கை முவொத்தா, அப்பாவின் அண்ணன் எஅஹ்கி, அப்பாவின் தம்பி செஅஹ்சி, அம்மாவின் சகோதரன் எஅனு, அப்பாவின் சகோதரி சியெஸ்ஸா. அக்கா சொல்லச் சொல்ல நான் பக்கத்தில் பெரியம்மா, சின்னம்மா, பெரியப்பா, சித்தப்பா, மாமா, மாமி என்று எழுதிக்கொண்டே போனேன். ஒன்று பிசகவில்லை. முப்பது வருடமாக என் பெரியம்மாவை நோர்வேக்காரருக்கு விளங்கப்படுத்தத் திணறியவள், அன்று முதல்தடவை திணறவில்லை.

இந்தச் சின்ன மன்றத்தின் கையில் உண்மையான அதிகாரம் இருக்கிறது என்பதும் எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது. பள்ளி, முதியோர் பராமரிப்பு, குடும்ப வைத்தியர் எல்லாம் அதன் பொறுப்பு, அதற்கான காசில் பெரும்பகுதி அரசிடமிருந்து வருகிறது. நிலம் பெரும்பாலும் கொம்யூனுடையதும் அல்ல. ஃபின்மார்க்கின் நிலத்தில் 95 சதவீதம் அளவு 2006-இலிருந்து ஃபெஃபோ என்ற அமைப்பின் கையில். அதன் நிர்வாகக் குழுவில் மூன்று பேரைச் சாமி நாடாளுமன்றமும் மூன்று பேரை மாகாண சபையும் நியமிக்கின்றன. ஆனால் அந்த நிலத்தில் என்ன வரலாம் என்று திட்டமிடும் உரிமை கொம்யூனிடம். பியெட்யொவாகி என்ற இடத்தில் முன்பு செம்பும் தங்கமும் எடுத்தார்கள், 1991-இல் மூடியாயிற்று. மறுபடி தோண்ட வந்தபோது, 2012-இல் கொம்யூன் மன்றம் திட்டத்தின் ஆரம்பப் படியிலேயே நிறுத்திவிட்டது. அதுவும் ஏகமனதாக அல்ல, ஊரே இரண்டாகப் பிரிந்துதான். வேலை வேண்டும், இளம் ஆட்கள் ஊரைவிட்டுப் போகிறார்கள் என்றவர்களும் அதே ஊர்க்காரர்கள்.

அவர்கள் சொன்னதிலும் பொய்யில்லை. ஃபின்மார்க்கில் வந்து வேலை செய்தால் வரி குறைவு, வருடாவருடம் படிப்புக்கடனில் ஒரு பங்கு தள்ளுபடி. இவ்வளவும் கொடுத்தும் என்னைப்போல் ஆறு வாரக்காரர்கள்தான் விமானத்தில் வந்து போகிறோம். சாமி உயர்கல்வி நிறுவனம், நாடக அரங்கு, மான் வளர்ப்புப் பள்ளி என்று இவ்வளவு சின்ன ஊருக்கு இருப்பவை அதிகம்தான். ஆனால் மறதிநோய்ப் பாட்டியின் முகம் துடைக்க, அவருடைய மொழி தெரிந்த ஒரு ஆள் அந்தக் கிழமை கிடைக்கவில்லை.

1995

ஒஸ்லோவுக்குத் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மா வீட்டில் புட்டும் மீன்குழம்பும். கோப்பி அறைக் கதையை முழுதாகச் சொன்னேன். அப்பா சாப்பிட்டு முடியும்வரை ஒன்றும் பேசவில்லை.

எங்கள் கடலோர ஊரிலும் ஒரு தேர்தல் நடந்தது. நோர்வேயில் மூன்று வருடம் வதிந்திருந்தால், குடியுரிமை இல்லாமலே உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். 1995-இல் எங்கள் ஊர்த் தமிழர் நிறையப் பேருக்கு அந்தத் தகுதி வந்திருந்தது. பலருக்கு வாழ்க்கையில் பயமில்லாமல் போட்ட முதல் வாக்கு அது. தேர்தலுக்கு முதல் கிழமை ஒரு வீட்டில் கூட்டம் வைத்தார்கள். எனக்கு நல்ல ஞாபகம், பிள்ளைகள் மேல்மாடியில் விளையாடினோம். கீழே பெரியவர் ஒருவர் எழும்பிச் சொன்னாராம்: நாங்கள் கொஞ்சப் பேர், பிரிந்து நின்றால் ஒருத்தரும் மதிக்கமாட்டான், எல்லாரும் ஒரே கட்சிக்குத்தான் போடவேண்டும். எந்தக் கட்சி என்றும் அவரே சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஊர்த் தமிழர் ஒருமுகமாக வாக்களித்தார்கள் என்று பல வருடம் பெருமையாகப் பேசுவார்கள், எங்கள் வீட்டிலும்தான்.

அப்பா கைகழுவிவிட்டு வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குசினிப் பக்கம் ஒருதரம் பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, “நான் மற்றக் கட்சிக்குத்தான் போட்டனான். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை” என்றார்.

அந்தப் பெரியவர் காலமாகிப் பத்து வருடம் இருக்கும். அந்த ஊரில் இப்போது தமிழர் இரண்டு வீடோ மூன்று வீடோ. இருந்தும் அப்பாவுக்குக் குரல் தணிந்துதான் வந்தது.

குசினிக்குள்ளிருந்து அம்மா சட்டி கழுவியபடியே கேட்டார்: “எந்தக் கட்சி, அந்தக் கண்ணாடிக்காரப் பொம்பிளையின்ர கட்சியோ?”

அப்பா பதில் சொல்லவில்லை.

“அப்ப நாங்கள் ரெண்டு பேரும் அதுக்குத்தான் போட்டிருக்கிறம்,” என்றார் அம்மா.